போதோர் வீட்டை இழுத்த நாள்

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பிள்ளை. யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் மீறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டாவதாக ஒன்று பெற்றவளைக் கிணற்றடியில் கண்டால் "முயலு வருது, வழிவிடுங்கடி" என்பார்கள். திராவா ஆற்றங்கரை மண் பொன் விளைகிற மண்தான், ஆனால் ஒவ்வொருவருக்கும் இருப்பது நீளமான ஒரு கீற்று. அதை இரண்டாகப் பிளந்தால் ஏர் திருப்பக்கூட இடம் இருக்காது. பண்ணையடிமை ஒழிந்து அந்தக் கீற்று எங்களுக்குச் சொந்தமான நாளிலேயே அதைப் பங்கு போட வேண்டிவருமே என்ற பயமும் பிடித்துக்கொண்டது. காரணம் அவ்வளவுதான். பாதிரியார் ஞாயிறுதோறும் மேடை அதிரத் திட்டுவார். அவருக்கும் ஒரே பையன்.

நான் சொல்ல வந்தது பக்கத்து வீட்டு யூதித்தைப் பற்றி. அவளும் நானும் ஒரே இலையுதிர் காலத்தில் இந்தத் தெருவுக்கு மருமகள்களாக வந்தோம். நல்ல உயரம், அகன்ற தோள். கோதுமை மூட்டையை ஆண்பிள்ளை துணையில்லாமல் வண்டியில் ஏற்றுவாள். சிரித்தால் எங்கள் வீட்டுப் பன்றிகள் தலை தூக்கிப் பார்க்கும். மாமியார் துருஷானாவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. போதோர் வீட்டில் துருஷானா சொல்வதுதான் வேதம். கணவன் செத்ததிலிருந்து எங்கள் வழக்கப்படி துக்கத்துக்கு வெள்ளை உடுத்தி, பிறகு அதைக் கழற்றவே இல்லை. மகன் ஆபெல் நல்லவன். நல்லவன் என்றால், அம்மா கதவைத் திறக்கச் சொன்னால் திறப்பான், மூடச் சொன்னால் மூடுவான், நடுவில் ஒன்றும் கேட்க மாட்டான்.

யூதித்துக்கு முதல் வருடமே காஷ்பார் பிறந்தான். ஆண்பிள்ளை, நல்ல நிறை. வீட்டுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு முறை அவளுக்கு நாள் தள்ளிப்போனது, இரண்டு முறையும் பிரோஷ்கா வந்தாள். பிரோஷ்கா மருத்துவச்சி இல்லை. பரீட்சை எழுதிச் சத்தியம் செய்த மருத்துவச்சி பெரிய ஊரில் இருந்தாள், அவளைப் பிள்ளைப்பேற்றுக்கு மட்டும்தான் கூப்பிடுவோம். மற்ற வேலைக்குப் பிரோஷ்கா. அவள் தன்னுடன் எதையும் எடுத்து வருவதில்லை, தேவையானது ஒவ்வொரு வீட்டின் நூற்புக் கூடையிலும் இருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு மனமில்லை.

இரண்டாவது முறை யூதித் பிழைப்பாள் என்று நான் நம்பவில்லை. சூப்பு கொண்டுபோய்க் கரண்டியால் ஊட்டினேன், கடைவாயில் வழிந்தது. காய்ச்சலில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எழுந்து நடமாடத் தொடங்கியபோது பூட்டில் இருந்த சின்னச் சாவியைத் திருப்பக்கூட அவளுக்கு இரண்டு கை வேண்டியிருந்தது. சிரிப்பு போய்விட்டது.

இதற்கெல்லாம் சிறை உண்டு. செய்தவளுக்கும் உண்டு, செய்துகொண்டவளுக்கும் உண்டு. அதனால் கல்லறைத் தோட்டத்துக்கு ஒன்றும் போவதில்லை. எங்கள் வீடுகளுக்கு அஸ்திவாரம் கிடையாது. கருவாலி மர உத்தரங்கள் மண்மேல் கிடக்கும், அவற்றின் மேல் சுவர் நிற்கும். தரை வெறும் களிமண். உள்ளறையில் கட்டிலை நகர்த்தி, மாமியார் குழி தோண்டுவாள். ஒரு பால் பானை, மேலே ஒரு மூடி, அதன் மேல் மண். களிமண் குழைத்து மெழுகிவிட்டால் மறுநாள் தரை தரையாகிவிடும், கட்டில் பழைய இடத்துக்கு வந்துவிடும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். என் வீட்டிலும்தான். சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இல்லை, கோபமாகத்தான் இருக்கிறது.

அந்த வருடம் பனி உருகும் முன்பே ஆறு கரையைத் தின்ன ஆரம்பித்தது. போதோர் வீட்டுப் பின்புறத் தோட்டம் பாதி போயிற்று, பன்றிப்பட்டி ஒரே இரவில் காணாமல் போனது. வீட்டை மேட்டுக்கு இழுப்பது என்று முடிவானது. இது எங்களுக்குப் புதிதல்ல. சுவர் மண்ணைத் தட்டி உதிர்த்து, அடுப்பைப் பிரித்து, உத்தரத்தில் சங்கிலி கட்டி, ஊர் மாடுகளையெல்லாம் பூட்டினால் வீடு எழுந்து நடந்து போகும். துருஷானா மட்டும் தரை இறுகி உறைந்திருக்கும்போதே இழுக்க வேண்டும் என்று அடம் பிடித்தாள். ஆண்கள் அதைக் கிழவியின் கிறுக்கு என்று நினைத்தார்கள். பெண்களுக்குத் தெரியும். உறைந்த தரையில் வீடு வழுக்கிக்கொண்டு போகும், ஈரத் தரையில் உழுதுகொண்டு போகும்.

அதே வாரம்தான் யூதித் வேலியோரம் வந்து என் கையைப் பிடித்தாள்.

"லிதியா, எனக்கு மறுபடியும் நின்னுடுச்சுடி."

"அத்தைக்குத் தெரியுமா?"

"கொடியில என் துணி காயலைன்னா அவங்களுக்குத் தெரியாம இருக்குமா? எனக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியும்."

அன்று மாலை அவர்கள் வீட்டுச் சமையலறைப் பேச்சு வேலி தாண்டி எனக்குக் கேட்டது. கேட்கக் கூடாதுதான். நகர்ந்து போக எனக்குக் கால் வரவில்லை.

"வீடு இழுக்கிற வேலை முடியட்டும்," என்றாள் துருஷானா. "அன்னிக்குச் சாயங்காலமே பிரோஷ்கா வர்றா. புது எடத்துல சுத்தமா ஆரம்பிக்கணும்."

"அத்தே, போன தடவையே செத்துப் பொழைச்சேன்."

"பொழைச்சேல்ல?"

"இந்தத் தடவை பொழைக்க மாட்டேன். எனக்குத் தெரியுது."

"எனக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் தெரிஞ்சுது. இங்கதான் நிக்கிறேன். காஷ்பாருக்குப் பாதி நிலத்தைக் கொடுத்து நாளைக்கு அவனக் கூலிக்கு அனுப்பப் போறியா? ஆபெல், நீயே சொல்லுடா."

ஆபெல் ஏதோ முனகினான். "அம்மாவுக்குத் தெரியாததா" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. அந்த நேரம் அவன் என் கையில் கிடைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

யூதித் மறுநாள் பிறந்த வீட்டுக்கு நடந்தே போனாள். அவளும் ஒற்றைப் பிள்ளைதான். அம்மாக்காரி கசகசா ரொட்டி கொடுத்து, முழுவதும் கேட்டுவிட்டு, இருட்டும் முன் கிளம்பச் சொன்னாளாம். "உன்னோட நான் நிறுத்திக்கிட்டதாலதான் அம்புட்டு நிலத்தோட உன்னக் கட்டிக் கொடுக்க முடிஞ்சுது. மறந்துடாதே" என்றாளாம். யூதித் அதை என்னிடம் சொன்னபோது கண்ணில் தண்ணீர் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

துருஷானா கேட்ட உறைபனி வரவில்லை. பனி உருகி, மழையும் சேர்ந்து, ஆறு வீட்டின் பின்சுவரைத் தொட இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. இனிமேல் காத்திருக்க முடியாது என்று ஆண்கள் மாடுகளை ஓட்டி வந்துவிட்டார்கள். போன வருடம் வேறொரு ஊரில் வீடு இழுக்கும்போது மரச்சட்டம் சரிந்து ஒருவன் செத்துப்போனான். அதிலிருந்து எங்கே வீடு இழுத்தாலும் ஒரு காவலன் வந்து நிற்க வேண்டும் என்று உத்தரவு. எங்களுக்கு வாய்த்தவன் சமவெளிப் பக்கத்துப் பையன். சேவலிறகுத் தொப்பியும் புது மீசையுமாக, பிளம் சாராயத்தை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே குடித்தான்.

மாடு பூட்டிக்கொண்டிருக்கும்போது யூதித் என்னைக் களஞ்சியத்துக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"இன்னிக்கு அவன்கிட்ட சொல்லப் போறேன்."

"யார்கிட்ட? என்னத்த?"

"தொப்பிக்காரன்கிட்ட. வீடு நகந்ததும் எங்க தோண்டணும்னு காட்டப் போறேன். ரெண்டு என்னுது, எனக்கு எடம் தெரியும். அத்தையக் கூட்டிட்டுப் போயிடுவான், பிரோஷ்காவையும் கூட்டிட்டுப் போயிடுவான். அப்புறம் எவ என்னத் தொடுவா?"

"உன்னையும்தான்டி கூட்டிட்டுப் போவான்! படுத்துக் கொடுத்தவளுக்கும் ஜெயிலு!"

"போறேன். ஜெயில்ல புள்ளை பெத்துக்க விடுவாங்கல்ல?"

வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"ஒரு வீட்டத் தோண்டுனா அடுத்த வீட்டயும் தோண்டுவாங்களேடி. என் கட்டிலுக்கு அடியில..."

"தெரியும். அதான் உன்கிட்ட முன்னாடியே சொல்றேன்."

அவள் போய்விட்டாள். சாயங்காலத்துக்குள் ஒன்று அவள் பேச வேண்டும், இல்லையென்றால் பிரோஷ்கா முன்னால் படுக்க வேண்டும். நான் அவளுக்காகப் பயந்தேனா எனக்காகப் பயந்தேனா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சாட்டை வீசினார்கள். மாடுகள் முழங்கால் மடங்க இழுத்தன. வீடு ஒருமுறை முனகியது, பின்னே கொஞ்சம் சாய்ந்தது, பிறகு நகர்ந்தது. ஆண்கள் இருபுறமும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "விடாதே, விடாதே" என்று கத்தினார்கள். பின் உத்தரத்தின் முனை ஈர மண்ணில் இறங்கி, உள்ளறைத் தரையை ஒரு கோடாகக் கீறிக்கொண்டே போனது. மேட்டுப் பக்கம் எல்லோரும் ஓடினார்கள். காவலனும் ஓடினான், அவன்மேல் கண் வைத்தபடி துருஷானாவும் போனாள். பழைய இடத்தில் நாங்கள் பெண்கள் மட்டும் நின்றோம்.

கீறிய கோட்டில் பானை விளிம்புகள் தெரிந்தன.

யூதித் சொன்னது இரண்டு. அங்கே ஒரு வரிசையே இருந்தது. புதியவை சில, பழையவை பல. பழையவற்றின் மூடி உடைந்து மண் நிரம்பியிருந்தது. யூதித் முதல் இரண்டைப் பார்த்தாள், அடுத்ததைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். தன் பகையாளியின் வயிற்றிலிருந்து இத்தனை போயிருக்கிறது என்று அந்த நிமிடம்தான் அவளுக்குத் தெரிந்தது.

முதலில் வண்டிக்காரன் மனைவி போய் அந்தக் கோட்டின்மேல் நின்றாள். பிறகு இன்னொருத்தி. பிறகு நான். மடிப்பு மடிப்பாக அகன்ற எங்கள் பாவாடைகள் மண்ணை மறைத்தன. குதிகாலால் மெல்ல அழுத்தி விளிம்புகளை உள்ளே தள்ளினோம். யூதித்தும் வரிசையில் நின்றாள், காலை மட்டும் அழுத்தவில்லை. காலடியில் ஒன்று நொறுங்கியது எனக்குத் தெரிந்தது. இன்றும் ஈர மண்ணில் நடந்தால் எனக்கு உள்ளங்கால் கூசுகிறது.

காவலன் மேட்டிலிருந்து திரும்பி வந்தான். மூக்கு சிவந்து, நல்ல குஷியில் இருந்தான்.

"என்னம்மா, வீடு அங்க போயிடுச்சு, நீங்க எல்லாரும் இங்க அடைகாக்குற கோழி மாதிரி நிக்கிறீங்க? புதையல் கிதையலா? தள்ளுங்க பாப்போம்."

யாரும் தள்ளவில்லை. அவன் சிரிப்பு குறைந்தது.

"தள்ளுங்கன்னேன்."

வரிசையிலிருந்து யூதித் ஒரு அடி முன்னால் வந்தாள். அவள் நின்ற இடம் வெறுமையானது. அங்கே ஒரு பானையின் வாய் வெளியே தெரிந்தது.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

அப்போது மேட்டிலிருந்து துருஷானா வந்தாள். ஓடவில்லை. சேற்றில் வெள்ளைப் பாவாடை இழுபட, வேகமாக நடந்து வந்து, மருமகள் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். மேட்டில் நின்ற ஆண்களே திரும்பிப் பார்த்தார்கள்.

"வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு ஈரத் தரையில நிக்கிறா பாரு, கூறுகெட்டவ! ஆபெல்! எங்கடா தொலைஞ்ச? உன் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போடா!"

எங்கள் தெருவில் அந்த மாதிரி வார்த்தையை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. முதல் பிள்ளைக்குச் சொல்வோம். இரண்டாவதை மூடிப்போட்டுத்தான் பேசுவோம், பேசி முடிக்கும்போது அது இருக்காது.

காவலன் குழம்பிப்போனான். மரியாதைக்குத் தொப்பியைத் தொட்டு, "நல்லதும்மா. எத்தனையாவது?" என்று கேட்டான்.

"ரெண்டாவது," என்றாள் துருஷானா. ஊர் மொத்தமும் கேட்கிற குரலில் சொன்னாள். "போதோர் வீட்டுல ரெண்டாவது. அறுப்புக் காலத்துல பொறக்கும். எல்லாரும் கேட்டுக்கோங்க."

"எங்கம்மாவுக்கு நாங்க ஒம்போது பேரு," என்றான் அவன். யாரும் சிரிக்கவில்லை. அவன் கண் பானைமேல் விழுந்தது. குனிந்தான். பூட்ஸ் முனையால் மண்ணைத் தள்ளினான். பிறகு கையால் தள்ளினான். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"இது யாருது?"

"என்னுது," என்றாள் துருஷானா.

"இன்னும் இருக்கா?"

"இவளுங்க காலுக்கு அடியில இருக்கு. எல்லாமே என்னுது. நானே செஞ்சுக்கிட்டேன், நானே புதைச்சேன். வேற வீட்டுல தேடி நேரத்த வீணாக்காத, தம்பி. இந்த ஊருல என்ன மாதிரி பாவி வேற கிடையாது."

"இல்ல! அதுல ரெண்டு..." என்று யூதித் ஆரம்பித்தாள்.

"வாய மூடுடி! நேத்து வந்தவ, உனக்கு என்ன தெரியும் என் வீட்டப் பத்தி?"

ஆபெல் வந்துவிட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக அம்மா சொல்லாத ஒன்றைச் செய்தான். மனைவியைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டு, அவள் தோளில் முகத்தைப் புதைத்து அழுதான். யூதித் திமிறினாள். அந்தப் பிடியை அவன் விடவில்லை.

தெரு முனையில் பிரோஷ்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றதை நான் பார்த்தேன். சேவலிறகைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிட்டாள். இனிமேல் அவள் வர மாட்டாள். காவலன் காதில் விழுந்த கர்ப்பம் காணாமல் போனால் எங்கே போயிற்று என்று அவன் வந்து கேட்பான். கிழவிக்கு இது தெரியாதா? இந்தத் தெருவில் அவளுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது.

வண்டி கட்டினார்கள். யூதித் ஒரு துணியில் ரொட்டியும் உப்புக் கொழுப்பும் முடிந்துகொண்டு ஓடினாள், நானும் கூட ஓடினேன். துருஷானா வைக்கோல் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காவலன் வண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான்.

"ஏன் அத்தே அப்படிச் சொன்னீங்க?"

துருஷானா முடிச்சை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு மருமகளைப் பார்க்காமல் சொன்னாள்.

"சுவரோரம் இருந்த பானை பாத்தியா? கழுத்து ஒடைஞ்சது. அது பொண்ணு. பிரோஷ்காவோட அம்மா நாளத் தப்பாக் கணக்குப் போட்டுட்டா. வெளிய வந்து அழுதுச்சு. என் மாமியாதான் மூடியப் போட்டா. நான் படுத்துக்கிட்டே பாத்தேன்."

"அத்தே..."

"அது மேலதான் கட்டிலப் போட்டாங்க. ஆபெலோட அப்பாகூட அது மேலதான் படுத்தேன். இத்தனை வருஷம் அது மேலதான் தூங்குனேன். அந்த அழுகை காதுல கேக்காம இருக்க உன்னையும் என்ன மாதிரியே ஆக்கிடலாம்னு பாத்தேன். இன்னிக்கு வீடு போயி, அது மேல வெயில் பட்டுச்சு." மூக்கைச் சிந்திப் பாவாடையில் துடைத்தாள். "போ. காலு நனையுது பாரு."

கோர்ட்டிலும் அவள் வேறு யார் பெயரையும் சொல்லவில்லை. சிறையிலேயே இரண்டாவது குளிர்காலத்தில் போய்விட்டாள். ஆபெல் போய்ச் சவப்பெட்டியை வண்டியில் கொண்டு வந்தான். யூதித் அன்று உடுத்திய வெள்ளையை ஒரு வருடம் முழுக்கக் கழற்றவில்லை. மாமியாருக்கு அவ்வளவு நாள் துக்கம் காத்த மருமகளை எங்கள் ஊர் பார்த்ததில்லை.

பிள்ளை அறுப்புக் காலத்தில் பிறந்தது. பெண். ஞானஸ்நானத்துக்குத் தெருவில் யாரும் வரவில்லை, யாரோ வாசலில் செத்த முயல் ஒன்றை எறிந்துவிட்டுப் போயிருந்தார்கள். யூதித் அதைத் தோலுரித்துக் குழம்பு வைத்து எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். காஷ்பாருக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் பாதி நிலம் என்றதும் முறிந்தது. அவன் பிறகு ஒரு தச்சன் மகளைக் கட்டினான். ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. யூதித்தின் சிரிப்பு திரும்பி வந்தது, பழைய அளவுக்கு இல்லை.

முதுகு கூன் விழுந்து அவள் செத்தபோது இரண்டு பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தார்கள். உள்ளறையில் கட்டிலை நகர்த்தி, பெட்டி வைக்க இடம் பண்ணினோம். நான் என்னையறியாமல் தரையைப் பார்த்தேன். வெறும் களிமண், இழுத்துவந்து நிறுத்திய நாளில் மெழுகியது. அதற்கு அடியில் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு அது ஒன்றுதான்.